அப்பத்தா வீடு: ஞாயித்துக்கிழமை காலைப் பேச்சு

செல்லூர் பெரியப்பா: வகுத்து வலி சுத்தமா நின்னு போச்சு. நேத்தோட மாத்திரைய நிப்பாட்டிட்டேன். மத்தியானம் கறிதோசை!

திருமங்கலம் அத்தை: பாண்டி கோயிலுக்கு நேந்துக்கிட்டது வீண்போகலண்ணே

நர்ஸ் அக்கா: பெரியப்பா, எத்தனை நாள் போட்டீங்க?

செல்லூர் பெரியப்பா: ஆறு நாளுத்தா. வாயெல்லாம் செப்புக்காச ஒதுக்கி வச்சாப்புல இருக்கு. காபியே இறங்கல

நர்ஸ் அக்கா: எழுதிக் குடுத்தது 14 நாளைக்கு. அந்தக் கசப்பு கிளாரித்ரோமைசின்ங்கிற கிருமி கொல்ற மாத்திரையால, முடிஞ்சதும் போயிரும். வலி நின்னது கேஸ் மாத்திரை அமிலத்த அடக்குனதால. கிருமி இன்னும் உள்ளதான் கெடக்கும். பாதில விட்டா மிச்சமிருக்கது மருந்துக்குப் பழகிரும், அப்புறம் வேற மாத்திரைகளோட முதல்ல இருந்து

திருமங்கலம் அத்தை: என்ன கிருமிடி? காரம் தின்னு வந்த அல்சர்தான?

நர்ஸ் அக்கா: இல்லத்த. ஹெலிகோபாக்டர் பைலோரி. காரம் எரிச்சலக் கூட்டும், அவ்வளவுதான். அல்சருக்குப் பெரும்பாலும் இந்தக் கிருமி, இல்லாட்டி வலி மாத்திரை. வயித்து அமிலத்துல எதுவும் பொழைக்காதுன்னு டாக்டர்களே நம்புனாங்க. இது தன்னைச் சுத்தி அமோனியா உண்டாக்கி அமிலத்த முறிச்சுக்கிட்டு வாழுது. ஆஸ்திரேலியாவுல பேரி மார்ஷல்னு ஒரு டாக்டர், சொன்னா யாரும் நம்பலைன்னு 1984ல அந்தக் கிருமிய வளத்து தானே குடிச்சாரு. சில நாள்ல வாந்தி, இரைப்பை அழற்சி

செல்லூர் தம்பி: ஜிகர்தண்டா மாதிரி குடிச்சிருக்காரு மனுசன்

நர்ஸ் அக்கா: 2005ல ராபின் வாரனோட சேத்து நோபல் குடுத்தாங்கடா

திருமங்கலம் அத்தை: எங்களுக்கும் ஒட்டுமோ?

நர்ஸ் அக்கா: சின்ன வயசுலயே வீட்டுக்குள்ளயே தொத்துறதுதான் அதிகம். நெறைய பேருக்கு உள்ள இருந்தும் ஒண்ணும் செய்யாது. தொந்தரவு இருந்தா மட்டும் டெஸ்ட் எடுப்போம்

செல்லூர் தம்பி: அக்கா, அப்பாவுக்குப் போன மாசம் தார் மாதிரி கறுப்பா போச்சு. யார்ட்டயும் சொல்லல

நர்ஸ் அக்கா: பெரியப்பா!! அது புண்ணுல ரத்தம் கசிஞ்ச அடையாளம். திரும்ப அப்படிப் போனா நேரா ஆஸ்பத்திரிதான். இப்ப டாக்டருக்குப் போன் போட்டு, விட்டத எப்படித் தொடரணும்னு கேளுங்க. நீங்களா ரெட்டை மாத்திரை போட்டுறாதீங்க. முட்டிவலிக்குக் கடையில வாங்குறதையும் விட்டுருங்க. கோர்ஸ் முடிஞ்சு 4 வாரம் கழிச்சு மலத்துலயோ மூச்சுலயோ டெஸ்ட் பாக்கணும். அதுக்கு 2 வாரம் முன்னாடியே கேஸ் மாத்திரைய நிறுத்தணும், இல்லாட்டி கிருமி இருந்தும் இல்லைன்னு காட்டும்

செல்லூர் பெரியப்பா: டாக்டர்ட்ட பேசிட்டேன். இன்னைக்கே ஆரம்பிக்கச் சொல்லிட்டாரு. இந்தா போட்டாச்சு

செல்லூர் பெரியப்பா: [புகைப்படம்]

செல்லூர் தம்பி: அப்பா, அது முட்டிவலி அட்டை