விட்டுப்போன வீரர்கள்: உங்கள் மனம் மாறிய கதையைச் சொல்லுங்கள்

கல்லடியிலிருந்து:

ஒரு வீரரைப் பற்றி வருடக்கணக்காகப் பிடிவாதமாக வைத்திருந்த எண்ணம் ஒருநாள் கவிழ்ந்துபோன அனுபவம் யாருக்காவது உண்டா? உதைபந்தாட்டமோ கூடைப்பந்தாட்டமோ, எதுவும் சரி. நான் தொடங்கிவைக்கிறேன். என்னுடைய ஆள் கூடைப்பந்தாட்ட வீரர் வின்ஸ் கார்ட்டர்.

மாமி மகன் தொண்ணூறுகளில் ரொறன்ரோ போனவன். என்னைவிட ஒரு வயது மூப்பு, ஆனால் மச்சான் என்றபடியால் வாடா போடாதான். பனிக்குச் சப்பாத்து வாங்கினானோ இல்லையோ, கார்ட்டர் ஆடிய ரொறன்ரோ ராப்டர்ஸ் அணியின் ஊதா பெனியன் வாங்கிவிட்டான். 2000ஆம் ஆண்டு ஓக்லண்டில் நடந்த டங்க் போட்டியை (எழும்பிப் பாய்ந்து பந்தை வளையத்துக்குள் கையாலேயே திணிக்கிற போட்டி) வீடியோ கசெற்றில் பிடித்து, கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டான். அது கொழும்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பாடு தனிக்கதை. வழியில் எத்தனை இடத்தில் 'இதுக்குள்ள என்ன' என்று கேட்டார்களோ! டெக் வாடகைக்கு எடுத்து ஒன்பது பேர் சுற்றியிருந்து பார்த்தோம். கார்ட்டர் எழும்பி, வளையத்துக்குள் முழங்கை வரை கையை விட்டு அப்படியே தொங்கினார். ஒருவரும் கத்தவில்லை. 'திருப்பிப் போடு' என்று மட்டும் ஒரு குரல். எங்களுக்குப் பந்து பழக்கிய மாஸ்டர்தான் கடைசியில் வாய் திறந்தார்: "எப்படிப் போட்டாலும் ரெண்டு புள்ளிதானே மகன்."

அடுத்த வருடம் மே 20. பிலடெல்பியாவுடன் ஏழு ஆட்டத் தொடரின் முடிவைத் தீர்க்கிற ஏழாவது ஆட்டம். அன்று காலையில் கார்ட்டர் வட கரோலினாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்புக்குப் போய்விட்டுத்தான் ஆட வந்தார். கடைசி வினாடியில் அவர் எறிந்த பந்து உள்ளே விழவில்லை, 88-87 என்று ராப்டர்ஸ் தோற்றது. மச்சான் போனில் பொரிந்து தள்ளினான்: "ஆட்ட நாளிலயாடா பட்டம் வாங்கப் போறது?" எனக்கு அப்போதே அது ஏறவில்லை. வந்தாறுமூலைக் கம்பசில் (கிழக்குப் பல்கலைக்கழகம்) பிள்ளைக்குப் பட்டமளிப்பு என்றால் வான் பிடித்துக் குடும்பத்தோடு போகிற ஊர்க்காரன் நான். அந்தப் பந்து உள்ளே விழுந்திருந்தால் அதே பட்டத்தை எல்லோரும் மெச்சியிருப்பார்கள்.

ஆனால் 2004 வேறு. அணியோடு அவருக்கு ஒத்துவரவில்லை, மாற்றிவிடச் சொன்னார். டிசம்பர் 17 அன்று நியூ ஜேர்சி நெட்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு வந்தவர்களில் பெரிய பெயர் அலன்சோ மோர்னிங். அவர் ரொறன்ரோவுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இந்த விஷயத்தில் நானும் மச்சான் கட்சிதான். எப்போதும் முழுமூச்சாக ஆடவில்லை என்று கார்ட்டரே பிறகு ஒரு பேட்டியில் ஒத்துக்கொண்டார். அந்த வார இறுதியில் மச்சான் எடுத்த போன் கோல் ஒரு மணித்தியாலம். அரைவாசி கெட்ட வார்த்தை, மீதி 'துரோகி'.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது.

மூன்றாம் நாள்தான் அவனுக்கு லைன் கிடைத்தது. எங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள், நாவலடியில் யார் இல்லை என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டான். நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வேறு ஒன்றும் பேசவில்லை. நாங்கள் விளையாடிய வளையம் கம்பத்தோடு வளைந்து மண்ணில் கிடந்தது.

அதற்குப் பிறகும் பல வருடம் கார்ட்டர் ரொறன்ரோ வரும்போதெல்லாம் கூட்டம் ஊளையிட்டது. மச்சானும் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிப் போய் ஊளையிட்டு வருவான். 2014 நவம்பர் 19 அன்று மெம்பிஸ் அணிக்காக கார்ட்டர் அங்கே வந்தபோது, அவருடைய பழைய ஆட்டங்களைத் திரையில் போட்டார்கள். முதலில் கொஞ்சம் ஊளை, பிறகு முழு மைதானமும் எழும்பி நின்று கைதட்டியது. கார்ட்டர் கண்ணைத் துடைத்தார்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு மச்சான் மாமாங்கத் தீர்த்தத்துக்கு வந்திருந்தான். இரவு பழைய பாலத்தடியில் குந்தியிருந்து அந்த வீடியோவைப் போனில் பார்த்தோம். "இன்னும் எனக்கு ஆறல்லடா, விட்டுட்டுப் போனவன் போனவன்தான்" என்றான். எனக்கு எங்கிருந்து வந்ததோ, "நீயும்தானே போனாய்" என்று வாய்விட்டேன். கனநேரம் பேசவில்லை. மறுகா எழும்பி, "வா, கொத்து சாப்பிடுவம்" என்றான். அன்றோடு நான் கார்ட்டரைத் திட்டுவதை விட்டுவிட்டேன்.

மருதமுனையிலிருந்து:

அண்ணன், உங்களுக்குக் கார்ட்டர், எனக்கு ரொனால்டோ. நான் பழைய மெஸ்ஸிக்காரன். ரொனால்டோவைக் கழுவி ஊற்றாத நாளில்லை. 2022 நவம்பரில் பியர்ஸ் மோர்கனுக்குப் பேட்டி கொடுத்து மன்செஸ்டர் யுனைட்டெட்டோடு முறித்துக்கொண்டு வெளியே வந்தபோது, 'பார், திமிர்' என்று ரூமில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

அப்போது நான் கட்டாரில் வேலை. டிசம்பர் 6, போர்த்துக்கல் - சுவிட்சர்லாந்து, லுசைல் மைதானம். எனக்கு வெளிவாசலில் டியூட்டி. உள்ளே போக விடமாட்டார்கள். சத்தத்தை வைத்துத்தான் கோலை எண்ண வேண்டும். ஒருமுறை உள்ளேயிருந்து 'ரொனால்டோ, ரொனால்டோ' என்று ஒரே கூச்சல். நான் அவர் கோல் அடித்துவிட்டார் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற நேபாளப் பொடியன் போனைக் காட்டினான். மனுசன் வெளியே வாங்கில் இருந்திருக்கிறார். அவருடைய இடத்தில் இறங்கிய கொன்சாலோ ராமோஸ் மூன்று கோல். ஆட்டம் 6-1. இவரைக் கடைசிக் கட்டத்தில்தான் இறக்கினார்கள்.

எங்கள் வாப்பா நெசவுக்காரர். மெசின் சாரன் மலிவாக வந்தபிறகு அவருக்கு ஓடர் இல்லை. ஆனாலும் சுபஹு தொழுதுவிட்டு வந்து தறியில் இருப்பார், நூல் இல்லாமலே. உம்மா சாப்பிடக் கூப்பிடும் வரைக்கும் இருப்பார். அந்தப் படத்தில் ரொனால்டோவின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வாப்பாதான் ஞாபகம். மெஸ்ஸி பெரிய ஆட்டக்காரர், அதில் மாற்றமில்லை. ஆனால் ரொனால்டோவை அதற்குப் பிறகு நான் ஏசவில்லை.

புளியந்தீவிலிருந்து:

போனவர்களையே எழுதுகிறீர்கள். வந்து, போகாமல் இருந்தவர்களும் நம் ஊரில் உண்டே. அப்பா புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். அமெரிக்காவின் லூசியானாப் பக்கமிருந்து வந்த இயேசு சபைக் குருமார்தான் அந்த ஆட்டத்தை இங்கே வேர்விட வைத்தார்கள். 1947இல் வந்த வெபர் அடிகளார் 1998இல் இந்த மண்ணிலேயே காலமானார். நாம் விளையாட்டுப் போட்டிக்கு ஓடுகிற வெபர் மைதானம் அவர் பெயரில்தான் இருக்கிறது. கூடைப்பந்து பழக்கிய ஹீபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் வரும் வழியில் காணாமல்போனார். அவர் பெயர் வந்தால் அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

அப்பாவுக்குப் பிடித்த ஆட்டக்காரர் பீட் மரவிச். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஆட்டத்துக்குச் சராசரி 44.2 புள்ளி எடுத்தவர், அதுவும் மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலத்தில். எனக்கு அவர் ஆட்டம் கொஞ்சம் சர்க்கஸ் மாதிரி இருக்கும். அப்பாவிடம் அதைச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று, அவர் ஆடிய நியூ ஓர்லியன்ஸ் ஜாஸ் 1979இல் யூட்டாவுக்குப் போய்விட்டது. பெயரைக்கூட விட்டுவிட்டுப் போகவில்லை. அந்த ஊரின் சாமிமார் இங்கே இருந்துவிட்டார்கள், அணி அங்கே இருக்கவில்லை என்று அப்பா சிரிப்பார்.

திருக்கோவிலிலிருந்து:

எல்லாம் சரி, கூடைப்பந்துக்காரர் கெவின் டுராண்டை யாரும் மன்னிக்கச் சொல்லாதீர்கள். 2016இல் வோரியர்ஸ் அணியுடன் ஏழு ஆட்டத் தொடரில் 3-1 என்று முன்னுக்கு நின்று தோற்றுவிட்டு, அதே வருடம் அதே வோரியர்ஸில் போய்ச் சேர்ந்தவர். அந்தப் பருவத்தில் 73 ஆட்டம் வென்ற அணிக்கு இன்னொரு ஆள் எதற்கு? எங்கள் கழகத்தில் ஒருவன் இறுதிப் போட்டியில் தோற்ற கிழமையே எதிர்க் கழகத்துச் சேர்ட்டோடு பந்தலடியில் நின்றான். இப்போதும் அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போவதில்லை.

கல்லடியிலிருந்து:

தம்பி, டுராண்ட் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். பிழைக்கப் போவது வேறு, அடித்தவன் வீட்டில் போய்ச் சோறு தின்பது வேறு. ஆனாலும் கல்யாணத்துக்குப் போய்விட்டு வாருங்கள், பாவம்.

மருதமுனைத் தம்பி, தறிக் கதையை இரண்டு தரம் வாசித்தேன். வாப்பாவுக்கு என் சலாம் சொல்லுங்கள்.

எழுத விட்டுப்போனது ஒன்று. 2024 நவம்பர் 2 அன்று ராப்டர்ஸ் அணி கார்ட்டரின் 15ஆம் இலக்கத்தை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று மைதானக் கூரையில் ஏற்றியது. அந்த அணியின் வரலாற்றில் முதல் இலக்கம் அதுதான். இங்கே விடியற்காலை, போன் கிணுகிணுத்தது. மச்சான் வீடியோ அனுப்பியிருந்தான். படம் முழுக்க ஆடுகிறது, யாருடைய தலையோ குறுக்கே நிற்கிறது, கார்ட்டர் தெரியவே இல்லை. பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. பத்து நிமிடம் கழித்து இன்னொரு செய்தி:

"மச்சான், கல்லடியில இப்ப காணி என்ன விலை போகுது?"