மறு: உலோகங்காணிக் கையேடு – 'த்ரெஷோல்டு' என்பதற்கு 'அடியொலி'?

வணக்கம். மண்ணுக்கடியில் கிடக்கும் உலோகத்தை ஒலியால் காட்டும் கருவியான உலோகங்காணியின் (மெட்டல் டிடெக்டர்) கையேட்டுத் தமிழ் வரைவைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது.

> த்ரெஷோல்டுக்குப் பாடநூலிலேயே 'பயன்தொடக்கம்' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

பாடநூல் சொல்லில் குறையில்லை ஐயா. ஒளிமின் விளைவில் எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே எலக்ட்ரான் வெளிவராதோ, அது பயன்தொடக்க அதிர்வெண். ஆனால் இந்தக் கையேட்டில் அந்தச் சொல் வரும் இடங்களில் பெரும்பாலும் பேச்சு ஹெட்போனில் விடாமல் கேட்கும் மெல்லிய ரீங்காரத்தைப் பற்றியது. கச்சேரியில் தம்பூரா போலப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். காதுக்கு எட்டியும் எட்டாமலும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆழத்தில் கிடக்கும் சிறு வெள்ளிக்காசுக்குத் தனி ஒலி வராமல், இந்த ரீங்காரம் சற்றே எழுந்து அடங்குவதோடு சரி. கூட்டி வைத்தால் அந்த எழுச்சி அமுங்கிவிடும். ஒலிக்க வேண்டாமென்று கருவியில் விலக்கி வைத்த இரும்பு, தரைமேல் வீசித் தேடும் சுருளுக்கடியில் வந்தால் ரீங்காரம் ஒரு கணம் அறுந்துபோகும்.

அதனால்தான் 'அடியொலி' என்கிறேன். "அடியொலியைக் குறை", "அடியொலி அடிக்கடி அறுந்தால் அங்கே ஆணிகள் அதிகம்" என்று வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள், உட்காருகிறது. 'பயன்தொடக்கம் அறுந்தது' என்றால் யாருக்கு என்ன புரியும்?

> சில கருவிகளில் இதைச் சுழிக்குக் கீழேயும் இறக்கலாம், ஒலியே இராது. அப்போது?

நியாயமான கேள்வி. அங்கே அது வலுக்குறைந்த குறிகளை (சிக்னல்களை) காதுக்கு விடாமல் தடுக்கும் எல்லை. 'பயன்தொடக்கம்' சரியாகப் பொருந்தும். மின்சுற்று பற்றிய பின்னிணைப்பில் அதையே வைத்துக்கொள்வோம். பயனர் பகுதியில் அமைப்பின் பெயர் 'அடியொலி அளவு', சுழிக்குக் கீழே வைத்துத் தேடுவது 'அமைதித் தேடல்'.

இதைவிட எனக்கு உறுத்துவது 'இரைச்சல்'. வரைவு முழுக்க ஒரே சொல், அதற்கு ஒரே மருந்து: உணர்திறனைக் குறை. வயலில் இரண்டு வகை உண்டு. சுருளை அசைக்காமல் பிடித்திருக்கும்போதும் கருவி கத்தினால் அது மின்கம்பியிலிருந்தோ மாட்டுக்குப் போட்ட மின்வேலியிலிருந்தோ வருகிறது (வேலி என்றால் டிக் டிக்கென்று சீராகத் துடிக்கும்). முதலில் அதிர்வெண் தடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். அடங்காவிட்டால்தான் உணர்திறனில் கைவைப்பது, ஏனென்றால் அதைக் குறைத்தால் ஆழமும் குறையும். வீசும்போது மட்டும் கத்தினால் பெரும்பாலும் மண்ணிலுள்ள இரும்புத் தாதுதான் காரணம். சுத்தமான ஓரிடத்தில் சுருளை ஏற்றி இறக்கி, ஒலி மாறாமல் நிற்கும்வரை மண்ணுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். ஆக 'மின்னிரைச்சல்', 'மண்ணிரைச்சல்' என்று பிரித்துவிடலாம். பின்னதைத் தீர்க்கும் கிரவுண்ட் பேலன்ஸுக்கு 'மண்சமன்'. 'நிலச் சமநிலை' என்றால் வயலை மட்டம் செய்வது போல இருக்கிறது.

சில உலோகங்களுக்குக் கருவி ஒலிக்காதபடி வைக்கும் டிஸ்கிரிமினேஷனுக்குப் 'பாகுபாடு' வேண்டாமே! 'விலக்கு' போதும். ஆனால் "தேவையற்ற உலோகங்களை நீக்கும்" என்ற விளக்கத்தை மாற்றுங்கள். அலுமினியத் தாளை விலக்கினால் மெல்லிய தங்க மோதிரமும் சேர்ந்து போகும். உலோகத்தை அடையாளம் காணக் கருவி காட்டும் எண்களில் இரண்டும் ஒரே வரிசையில் விழுபவை. "சில குறிகளை ஒலிக்காமல் தடுக்கும்" என்பதே உண்மை.

இன்னொன்று. கிடைப்பதையெல்லாம் 'புதையல்' என்று எழுதாதீர்கள். கையேடு இங்கிலாந்து வயல்களுக்கானது. அங்கே 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் 'புதையல்' (டிரெஷர்) என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் வரையறுத்திருக்கிறது. ஒற்றைக் காசு பொதுவாக அதில் சேராது. 'கண்டெடுப்பு' என்று போடலாம்.

'ஹாட் ராக்' வரைவில் 'சூடான கல்' ஆகியிருக்கிறது. சுற்றியுள்ள மண்ணிலிருந்து தாது மாறுபடுவதால் உலோகம் போல ஒலிக்கும் கல் அது, சூடெல்லாம் இல்லை. 'ஏய்ப்புக்கல்' என்று எழுதிப் பார்த்தேன், முழுத் திருப்தி இல்லை. வேறு தோன்றினால் எழுதுங்கள்.