உதவி: எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சுவர்ச் சிற்பத்தில் பழுப்புக் கறை வழிகிறது

அலைமேடு: அவசரம். மணப்பாட்டு மணற்குன்றையும் அலையையும் மனதில் வைத்து எஸ்எஸ் ஷீட்டில் ஐந்தடிச் சுவர்ச் சிற்பம் செய்து கொடுத்தேன். அதற்குள் பழுப்புக் கறை. வீட்டுக்காரர் தினமும் போன் செய்கிறார். எதைப் போட்டுத் துடைப்பது?

தேரிமணல்: எந்த கிரேடு? வீட்டுக்குள்ளா, வெளியிலா? கறை எந்த இடத்தில்?

உலைக்களம்: மட்டமான 202 கிரேடு ஷீட்டை 304 கிரேடு என்று தள்ளிவிட்டிருப்பார்கள். காந்தம் வைத்துப் பாருங்கள். ஸ்க்ரூ என்ன போட்டீர்கள்?

ஆர்கான்ராஜா: இதை எத்தனை முறை எழுதுவது? 202லும் காந்தம் ஒட்டாது. 304ஐ வளைத்தால் வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும். அடிப்படை தெரிந்துகொண்டு யோசனை சொல்லுங்கள். கடலோரம் என்றால் 316தான். அதிலுள்ள 2 சதவீத மாலிப்டினம்தான் உப்பைத் தாங்கும்.

நெய்தல்: ஏன் துடைக்க வேண்டும்? ஸ்பெயினில் சான் செபாஸ்டியன் கடற்பாறையில் சிற்பி சில்லிதா பதித்த ‘காற்றின் சீப்பு’ எஃகுச் சிற்பம் 1977லிருந்து அலையில் நனைந்து துருவோடுதான் நிற்கிறது. அழகே அதுதான்.

உலைக்களம்: அது மேல்துருவே காப்பாக நிற்கும் கோர்டென் எஃகு, துண்டு ஒவ்வொன்றும் பத்து டன். மெல்லிய ஷீட்டை உப்புக்காற்று தின்றுவிடும்.

நெய்தல்: கடலைச் சொல்லும் சிற்பத்தில் கடல் தன் கையை வைக்கக் கூடாதா?

ஆர்கான்ராஜா: வெள்ளைச் சுவரில் கறை இறங்கினால் பெயின்ட் செலவை நீங்கள் கொடுப்பீர்களா?

அலைமேடு: 304, பில் இருக்கிறது. தூத்துக்குடி, திறந்த வராந்தா. அலையின் நீலப் பகுதியில் மட்டும்தான் கறை.

தேரிமணல்: நீலம் பெயின்டா, கேஸ் டார்ச் தீயில் சூடுகாட்டியதா?

அலைமேடு: டார்ச்.

தேரிமணல்: அப்படியென்றால் காரணம் அதுதான். அந்த நிறம் ஆக்சைடு படலம். சூட்டில், துருவைத் தடுக்கும் குரோமியம் மேலே ஏறிவிட, அடியில் குறைந்துபோகிறது. உப்பு அங்கேதான் முதலில் கடிக்கும். பிக்ளிங் பேஸ்ட் (மேல்படலத்தைக் கரைக்கும் அமிலப் பசை) போட்டால் கறை போகும், நீலமும் சேர்ந்து போகும். அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு, கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். நீலம் வேண்டுமென்றால் நல்ல தண்ணீரில் கழுவி, சிட்ரிக் அமிலக் கரைசலை ஓர் ஓரத்தில் மட்டும் தடவிப் பாருங்கள். சரிவந்தால் முழுக்கச் செய்து, காய்ந்ததும் கிளியர் கோட் (நிறமில்லாப் பூச்சு) அடித்து வீட்டுக்குள் மாட்டுங்கள். டாய்லெட் ஆசிட், இரும்பு நார் இரண்டையும் கிட்டவே கொண்டுவராதீர்கள்.

அலைமேடு: சிட்ரிக்கில் ஓரத்துக் கறை விட்டது, நீலம் நிற்கிறது. ஹாலுக்கு மாற்றச் சம்மதித்துவிட்டார். நன்றி அண்ணா.

உலைக்களம்: ஸ்க்ரூவைச் சொல்லவே இல்லையே? ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) என்றால் அதையும் எஸ்எஸ்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.