சொரெண்டோவா, 911-ஆ? வீட்டில் ஓட்டெடுப்பு முடிந்தாச்சு, நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை

பொங்கோல்வாசி:
சிங்கப்பூரில் நான் இப்போது ஓட்டும் வண்டியின் சிஓஇ (பத்து வருடம் வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) வருடக் கடைசியில் முடிகிறது, புதுப்பிக்க மனசில்லை. மனைவிக்குக் கியா சொரெண்டோ ஹைபிரிட் வேண்டும். ஏழு பேர் உட்காரலாம், அம்மா எங்களோடுதான் இருக்கிறார், பிள்ளைகள் இரண்டு பேர், பெரியவளுக்கு ஏழு வயது, நியாயமான ஆசைதான். எனக்கோ பழைய போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கிவிட வேண்டும், அதற்காகவே பல வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். பின்னால் இரண்டு சின்ன சீட் இருக்கிறதே, பிள்ளைகளுக்குப் போதாதா? இரண்டு வண்டி வைத்துக்கொள்ள வசதி இல்லை. "எம்ஆர்டி ரயிலில் போங்களேன்" என்பவர்கள் தயவுசெய்து விலகிக்கொள்ளவும்.

கணக்குப்பிள்ளை_ஈசூன்:
தம்பி, சிஓஇ-யில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. சொரெண்டோ 1,598 சிசி-தான், ஆனால் குதிரைத்திறன் 130-ஐத் தாண்டுவதால் அதுவும் பெரிய வண்டிகளுக்கான பி பிரிவு. அடி விழுவது ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணத்தில். ஓஎம்வி (வண்டியின் இறக்குமதி மதிப்பு) 30,000 வெள்ளி என்றால் ஏஆர்எஃப் 34,000. அதுவே ஓஎம்வி 100,000 என்றால் ஏஆர்எஃப் 200,000! 80,000-க்கு மேலே போகும் ஒவ்வொரு வெள்ளிக்கும் 320 விழுக்காடு வாங்குகிறார்கள். வண்டியைக் கழிக்கும்போது திரும்ப வரும் பார்ஃப் தொகைக்கு 2023-இலேயே 60,000 வெள்ளி என்று உச்சவரம்பு வைத்தார்கள், 2026-இல் அதையும் 30,000-ஆகக் குறைத்துவிட்டார்கள், ஆகப் புது 911-இல் குறைந்தது 170,000 போயே போச்சு. பழைய வண்டி பார்ப்பதாக இருந்தால் 2023 பிப்ரவரி மாற்றத்துக்கு முந்தைய சிஓஇ-யில் பதிவானதைப் பாருங்கள், அதற்கு அந்த உச்சவரம்பு கிடையாது, பத்தாவது வருடத்தில் கழித்தாலும் கட்டிய ஏஆர்எஃப்-இல் பாதி கைக்கு வரும். ஆனால் சிஓஇ ஏற்கெனவே புதுப்பிக்கப்பட்ட வண்டி என்றால் பார்ஃப் சுத்தமாகக் கிடையாது, விலை மலிவாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள். சாலை வரி, 3 லிட்டர் 911 கரேராவுக்கு வருடம் 2,360 சொச்சம், சொரெண்டோவுக்கு 742. இந்த விலையில் இதெல்லாம் சில்லறை.

செங்காங்_அம்மா:
பின் சீட்டைப் பற்றி யாராவது உண்மையைச் சொல்ல வேண்டுமே. 1.35 மீட்டர் உயரம் வராத பிள்ளைக்கு இருக்கையோ பூஸ்டரோ கட்டாயம், இது சட்டம். 911-இன் பின்பக்கம் பூஸ்டரை எப்படியாவது நுழைத்துவிடலாம், முன் சீட்டை மடக்கி, குனிந்து, பிள்ளையை உள்ளே தள்ளி பெல்ட் போடுவது உங்கள் வேலை என்றால் வாங்குங்கள், மனைவியின் வேலை என்றால் அவரைக் கேளுங்கள். அப்புறம் அம்மா எங்கே உட்காருவார்? அவரை முன்னால் உட்கார வைத்தால் மனைவி டாக்சியில் வருவாரா? தரையோடு தரையாக இருக்கும் சீட்டிலிருந்து மூட்டுவலிக்காரர் எழுந்து வருவதை நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. தீபாவளிக்குத் தேக்காவில் வாங்கிய சாமானை எங்கே வைப்பீர்கள், முன்பக்கம் இருக்கும் அந்த 130 லிட்டர் டிக்கியிலா?

ரெட்லைன்:
எல்லாரும் அவரைப் பயமுறுத்துகிறீர்கள். விரைவுச்சாலையில் 90-க்கு மேல் போக முடியாத ஊரில் 911 எதற்கு என்று அடுத்து ஒருவர் வருவார், அவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: அது வேகத்துக்கான வண்டி மட்டும் இல்லை. ஞாயிறு விடிகாலை லிம் சூ காங் பக்கம் 60-இல் போனாலே ஸ்டியரிங்கில் சாலை தெரியும், சொரெண்டோவில் ஏசிக் காற்றுதான் தெரியும். வேகம் வேண்டும் என்றால் மலேசியாவில் செப்பாங் பந்தயத்தடம் இருக்கிறது. எல்லை தாண்டும்போது முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும், விஇபி என்ற நுழைவு அனுமதி வேண்டும், மலேசியாவில் ரான்95 பெட்ரோலைத் தொடக்கூடாது, இதெல்லாம் சொரெண்டோவுக்கும் அதே விதிதான். பிள்ளைகள் வளர்ந்த பிறகு வாங்கலாம் என்று காத்திருந்த நண்பர்கள் எனக்கு உண்டு, ஒருவரும் வாங்கவில்லை. ஒரே வேண்டுகோள், இரண்டுக்கும் நடுவில் என்று போர்ஷே மக்கான் மட்டும் வாங்காதீர்கள், குடும்பத்துக்கும் இடம் பத்தாது உங்களுக்கும் ஆசை தீராது.

கணக்குப்பிள்ளை_ஈசூன்:
கடனை மறந்துவிட்டேன். ஓஎம்வி 20,000-க்கு மேல் என்றால் விலையில் 60 விழுக்காடுதான் கடன், ஏழு வருடத்துக்குள் அடைக்க வேண்டும். மீதி 40 விழுக்காடு ரொக்கம். சேர்த்து வைத்தது அதற்குப் போதுமா என்று பாருங்கள் தம்பி, பராமரிப்புக்குத் தனியாக வேண்டும்.

பொங்கோல்வாசி:
ரொக்கம் இருக்கிறது அண்ணே, பார்ஃப் விஷயம்தான் புதுசு, நன்றி. செங்காங் அக்கா, அம்மாவிடமே கேட்டேன், "எனக்கு எம்ஆர்டி போதும்டா, அவளைக் கேளு" என்றுவிட்டார். அவள் சனிக்கிழமைக்குச் சொரெண்டோ டெஸ்ட் டிரைவ் போட்டுவிட்டாள், போய்த்தான் ஆக வேண்டும். இருந்தாலும், விற்பனையாளரை நம்பாமல் பழைய 911-ஐத் தனியாகச் சோதித்துத் தரும் பட்டறை யாருக்காவது தெரிந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.