எண்ணூர்க் கழியில் விராலடிப்பான், வெளிச்சம் போகிற நேரத்தில்

வட சென்னையில் பருந்துக்குப் பஞ்சமே இல்லை. காசிமேட்டில் மீன் இறங்கும் நேரம் போனால் கரும்பருந்தும் செம்பருந்தும் தலைக்கு மேலேயே சுற்றும். ஆனால் குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போகிற, மீனையே பிடித்துத் தின்னும் விராலடிப்பான் (osprey) என்ற வேட்டைப் பறவைமேல்தான் எனக்குத் தனி ஆசை.

போன டிசம்பரில் எண்ணூர்க் கழி ஓரம் நின்றுகொண்டிருந்தேன். வலையை உதறிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், "தம்பி, அந்தக் கம்பத்தைப் பாரு, சாயங்காலம் அங்கதான் உக்காந்து மீனைக் கிழிக்கும்" என்றார். சொன்னபடியே 5.20-க்கு வந்தது. சூரியன் எனக்குப் பின்னால், பறவைமேல் மஞ்சள் வெயில், இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஒரு படமும் தேறவில்லை. வானம் பின்னணியில் இருந்தபோது கேமரா வானத்துக்கு அளந்து பறவையைக் கருப்பாக்கிவிட்டது, சரி என்று எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழுகிற வெளிச்சத்தைக் கூட்டி வைத்தேன், அது தாழ இறங்கி இருண்ட அலையாத்தி மரங்களுக்கு முன்னால் பறந்ததும் வெள்ளை நெஞ்சு முழுக்க வெளிறிப் போய் ஒரு இறகுகூடத் தெரியவில்லை.

பின்னணி எதுவானாலும் பறவைமேல் விழுகிற வெளிச்சம் ஒன்றுதானே. மறுநாள் கேமரா தானாக அளக்காதபடி, எல்லாவற்றையும் நானே அமைக்கும் மேனுவலில் வைத்தேன். லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/2000 நொடி. அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து மாற்ற வேண்டும், இதை மறந்தால் எல்லாம் வீண், ஏனென்றால் அந்த நேரத்தில் வெளிச்சம் அவ்வளவு வேகமாக இறங்குகிறது. சூரியன் மறையும்போது ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/1000-க்கு வந்திருந்தேன்.

அப்போதுதான் தண்ணீரிலிருந்து மடவையோடு எழும்பியது. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, மீனின் தலை பறக்கிற திசையைப் பார்த்தபடி. விராலடிப்பானின் வெளிவிரல் பின்னாலும் திரும்பும், அதனால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று விரல்களை வைத்து வழுக்குகிற மீனைக் கவ்விக்கொள்கிறது. பறந்தபடியே உடம்பை ஒரு உதறு உதறியது பாருங்கள், அந்தத் துளிகளில் கடைசி வெளிச்சம் அப்படியே நின்றது. அந்த ஒரு படம் போதும் எனக்கு.

கம்பத்துக்குப் போய் உட்கார்ந்ததும் நான் நகரவில்லை. கிட்டே போனால் சாப்பாட்டோடு எழும்பிப் போய்விடும். ஷட்டர் 1/500-க்கு இறங்கியபோது கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். இருட்டில் அது மீனைக் கிழிப்பது உருவமாக மட்டும் தெரிந்தது, அண்ணன் படகைக் கட்டிவிட்டு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.