விண்டோஸ் பைத்தானில் தமிழ் சிஎஸ்வி: 8டி பைட் எர்ரர் (பழைய தலைப்பு: அவசரம்!! ஹெல்ப் பண்ணுங்க)

கேட்டவர்: மாணவர் லிஸ்ட் இருக்கிற சிஎஸ்வி ஃபைலை (கமா போட்டுப் பிரிச்சு வைக்கிற டெக்ஸ்ட் ஃபைல்) படிக்கிற பைத்தான் ப்ரோக்ராம் எர்ரர் அடிக்குது. ஃப்ரெண்டு லேப்டாப்ல நல்லா ஓடுது. நாளைக்கு சப்மிட் பண்ணணும். ஸ்க்ரீனை போன்ல எடுத்துப் போட்டிருக்கேன்.

பதில் 1: கூகுள்ல தேடினாலே வருமே.

பதில் 2: எர்ரர் என்னன்னே தெரியாம எதைத் தேடுறது? தம்பி, போட்டோல முக்கியமான கடைசி வரியே வெட்டுப்பட்டிருக்கு. டெர்மினல்ல இருந்து அப்படியே காப்பி பண்ணிப் போடுங்க. ப்ரோக்ராம் முழுசும் வேணாம், ஃபைலைத் திறக்கிற இடம் போதும். டேட்டால ரெண்டு வரி குடுங்க. மாணவர்களோட நிஜப் பேர், நம்பர் போட்டுடாதீங்க. ரெண்டு லேப்டாப்லயும் என்ன ஓஎஸ்? தலைப்பையும் மாத்துங்க, ‘அவசரம்’னா நானே பாதி நேரம் திறக்க மாட்டேன்.

கேட்டவர்: என்னுது விண்டோஸ் 10, அவனோடது உபுண்டு. ஓப்பன்ல ஃபைல் பேர் மட்டும்தான் குடுத்திருக்கேன். கடைசி வரி: யூனிகோட்டிகோட்எரர், ‘சார்மேப்’ கோடெக்கால (பைட்டை எழுத்தா மாத்துற பகுதி) 8டி பைட்டை டிகோட் பண்ண முடியலயாம். ஃபைல்ல ‘மீனா’, ‘ராதா’ மட்டும் இருந்தா எர்ரர் இல்ல, ஆனா கிறுக்கலா பிரிண்ட் ஆகுது. ‘கண்ணன்’ சேர்த்தா நின்னுடுது.

பதில் 2: அந்த கண்ணன் போதும், கண்டுபிடிச்சாச்சு. யூடிஎஃப்-8ங்கிற என்கோடிங்ல (எழுத்தை பைட்டா, அதாவது எண்ணா எழுதுற முறை) ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூணு பைட். புள்ளியோட கடைசி பைட்தான் 8டி (ஹெக்ஸ் முறையில எழுதின எண்). என்கோடிங் சொல்லாம விட்டா விண்டோஸ்ல பைத்தான் பெரும்பாலும் சிபி1252ன்னு (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய அட்டவணை) எடுத்துக்கும். அந்த அட்டவணையில 8டி இடம் காலி. மீனாவுல புள்ளி இல்ல, அதனால தப்பா படிச்சாலும் எர்ரர் இல்லாம போயிடுது. ‘முருகன்’ போட்டுப் பாருங்க, உகரக் குறியிலேயே நிக்கும், பைட் 81ன்னு வரும். ஓப்பன்ல என்கோடிங் யூடிஎஃப்-8ன்னு குடுங்க.

கேட்டவர்: ஓடுது, நன்றிண்ணா! அடுத்து ஒண்ணு. ஃபைலை எக்ஸெல்ல ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ஆ சேவ் பண்ணினேன். இப்போ டிக்ட்ரீடர்ல (தலைப்பை கீயா வச்சு ஒவ்வொரு வரியையும் படிக்கிற பைத்தான் வசதி) ‘நேம்’ காலத்தை (நெடுவரிசையை) எடுத்தா கீஎரர், அதாவது அந்தப் பேர்ல கீயே இல்லயாம். கீ எல்லாத்தையும் பிரிண்ட் பண்ணிப் பார்த்தேன், ‘நேம்’ முன்னாடி மட்டும் எஃப்இஎஃப்எஃப்னு ஏதோ ஒட்டியிருக்கு. மத்த காலம் சரி.

பதில் 2: கீயை பிரிண்ட் பண்ணிப் பார்த்தீங்க பாருங்க, எனக்கு வேலையே வைக்கல. அது பிஓஎம், எக்ஸெல் ஃபைல் தொடக்கத்துல வைக்கிற அடையாளம். என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக்னு மாத்துங்க. பிஓஎம் இருந்தா எடுத்துடும், இல்லாட்டியும் பிரச்சினை இல்ல.

கேட்டவர்: சரியாயிடுச்சு. மாத்தின வரியை முதல் பதிவுலயே சேர்த்துடுறேன்.