ருமேனியா 1989: மக்கள் எழுச்சியா, உள்வீட்டுச் சதியா?

கிழக்குச் சன்னல் (கேள்வி)

அன்பர்களுக்கு வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசகர் வட்டத்தில் 1989ஆம் ஆண்டின் கிழக்கு ஐரோப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். போலந்து, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா வரை பேச்சு சுமுகமாகவே போயிற்று. ருமேனியாவுக்கு வந்ததும் முறுகிவிட்டது. அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌசெஸ்குவை வீழ்த்தியவர்கள் தெருவில் இறங்கிய மக்களே என்று நான் சொன்னேன். என்னைவிட மூத்தவரும் நிறையப் படித்தவருமான ஒருவர், "தம்பி, தெருவில் நின்றவன் செத்தான், உள்ளே இருந்தவன் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் யார் என்று பார், நடத்தியவன் யார் என்று தெரிந்துவிடும்" என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டார்.

அவர் அடுக்கிய சான்றுகளும் லேசானவை அல்ல. ஆட்சிக்கு வந்த யோன் இலியெஸ்கு ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுச் செயலாளராக இருந்தவர். 1989 மார்ச்சிலேயே கட்சியின் மூத்த தலைவர்கள் ஆறு பேர் சௌசெஸ்குவைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தார்கள். இராணுவம் சில மணி நேரத்துக்குள் பக்கம் மாறியது. டிசம்பர் 25 அன்று தர்கோவிஷ்டே பாசறையில் ஒரு மணி நேரத்தில் விசாரணையை முடித்துக் கணவன் மனைவி இருவரையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இதற்கெல்லாம் பின்னால் மாஸ்கோவின் கை இருந்தது என்பதும் அவருடைய வாதம்.

என்னால் மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. இந்த விஷயத்தை ஆழமாகப் படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய அஞ்சல்தலை

உங்கள் நண்பர் அடுக்கிய தகவல்கள் பெரும்பாலும் சரி. ஆனால், உட்கார்ந்தவரைப் பார்த்து நடத்தியவரைக் கண்டுபிடிக்கும்போது அவர் நடுவே ஒரு வாரத்தை விழுங்கிவிடுகிறார். அந்த வாரம் தலைநகரில் தொடங்கவில்லை. மேற்கு எல்லையை ஒட்டிய திமிஷோராவில் தொடங்கியது.

அங்கே லாஸ்லோ தோகேஷ் என்ற ஹங்கேரிய சீர்திருத்தச் சபைப் போதகரை வீட்டைவிட்டு வெளியேற்ற உத்தரவாகியிருந்தது. டிசம்பர் 15 அன்று அவருடைய சபையைச் சேர்ந்தவர்கள் சிலர் வீட்டைச் சுற்றி மெழுகுவத்தியோடு நின்றார்கள். மறுநாள் மாலைக்குள் அந்த மொழிக்கோ அந்தச் சபைக்கோ சம்பந்தமில்லாத ருமேனியர்கள் அவர்களைவிட அதிகமாகக் கூடிவிட்டார்கள். போதகரின் வீட்டை ஒட்டிய மரியா சதுக்கத்தின் வழியாக டிராம்கள் போய்க்கொண்டிருந்தன. கூட்டம் அவற்றை நிறுத்திற்று, உள்ளே இருந்தவர்களில் பலர் இறங்கிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவனை எந்தச் சதிகாரர் திட்டமிட்டு அந்த டிராமில் ஏற்றியிருக்க முடியும் என்று உங்கள் நண்பரிடம் கேளுங்கள்.

17ஆம் தேதி இராணுவம் சுட்டது. இறந்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் உடல்களை மருத்துவமனைப் பிணவறையிலிருந்து இரவோடிரவாகக் கடத்தி, தலைநகர் புக்காரெஸ்டுக்குக் கொண்டுபோய் எரித்து, சாம்பலைச் சாக்கடையில் கொட்டினார்கள். எண்ணிக்கையை மட்டுமல்லாமல் அடையாளத்தையே அழித்துவிடும் நோக்கம் அது. அதோடு அடங்கிவிட்டது என்று நினைத்த சௌசெஸ்கு 18ஆம் தேதி ஈரானுக்கு அரசுமுறைப் பயணம் போய்விட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் பலர் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். 20ஆம் தேதி திமிஷோராவின் தொழிற்சாலைகள் வேலையை நிறுத்தின. தொழிலாளர்கள் அணி அணியாக ஓபெரா சதுக்கத்தை நோக்கி நடந்தார்கள். மூன்று நாட்களுக்கு முன் சுட்ட அதே இராணுவம் அன்று பாசறைக்குத் திரும்பியது. ஊரே ஆலையை விட்டு வெளியே வந்து நிற்கும்போது எவ்வளவு பேரைச் சுடுவது? ஓல்தேனியா வட்டாரத்திலிருந்து தடிகளைக் கொடுத்து ரயிலேற்றி அனுப்பப்பட்ட தொழிலாளர்கள்கூட, வந்து இறங்கி நிலவரத்தைப் பார்த்ததும் அடிக்க மறுத்துவிட்டார்கள். இலியெஸ்குவின் பெயரை அந்தச் சதுக்கத்தில் அன்று யாரும் உச்சரிக்கவில்லை. தலைநகரில் ஆட்சி விழுவதற்கு இரண்டு நாட்கள் முன்பே ஒரு பெருநகரம் கைமாறிவிட்டது.

அந்தத் தொழிலாளர்களும் திடீரென்று முளைத்தவர்கள் அல்லர். ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வெளிநாட்டுக் கடனை அடைத்தே தீருவது என்று சௌசெஸ்கு எண்பதுகளில் இறைச்சியையும் தானியத்தையும் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தபோது, சொந்த மக்களுக்கு ரொட்டி பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தது. குளிர்காலத்தில் வீடுகளில் வெப்பமூட்டிகள் பெயரளவுக்கே இயங்கின. தொலைக்காட்சி நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒளிபரப்பாயிற்று, அதிலும் பாதி நேரம் அவருடைய முகமே வந்தது. 1987 நவம்பர் 15 அன்று ப்ரஷோவ் நகரத்து லாரித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் சம்பள வெட்டை எதிர்த்து ஊர்வலம் போய்க் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்தபோது, கடைகளில் கண்ணால்கூடப் பார்க்க முடியாத உணவு அங்கே விருந்துக்கு அடுக்கி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார்கள். அந்தக் கலகத்தை ஒரே நாளில் நசுக்கிவிட்டார்கள் என்பது உண்மைதான். நசுக்கியதால் மறந்துபோகுமா?

மாலைநேர வாசகர்

பழைய அஞ்சல்தலை ஐயா சொன்ன திமிஷோராக் கதையில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனால் திமிஷோரா வேறு, புக்காரெஸ்ட் வேறு. ப்ரஷோவும் எழுந்தது, தனியாக நின்றதால் அடங்கியது. 1989இல் மட்டும் அது ஏன் அடங்கவில்லை என்பதற்கு இராணுவத்துக்குள் பார்க்காமல் விடை சொல்ல முடியாது.

டிசம்பர் 21 நண்பகலில் சௌசெஸ்கு மத்தியக் குழுக் கட்டடத்தின் மாடத்தில் நின்று பேசினார். வழக்கம்போல் ஆலைகளிலிருந்து பேருந்தில் கூட்டிவந்து நிறுத்திய கூட்டம். சில நிமிடங்களில் கூட்டத்தின் ஓரத்திலிருந்து கூச்சல் எழுந்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்த நேரடி ஒளிபரப்பில் அவர் கையைத் தூக்கியபடி வாயடைத்து நின்றார். பிறகு தொலைபேசியில் இணைப்பு அறுந்துபோனவரைப் போல "அலோ, அலோ" என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். குறைந்தபட்ச மாத ஊதியத்தை, ருமேனிய நாணயத்தில், 2,000 லெயிலிருந்து 2,200 லெயாக உயர்த்துவதாக அறிவித்தார். அந்த முகத்தைப் பார்த்த கணத்திலேயே படைத்தளபதிகள் பலர் மனத்தில் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

அவர்களில் ஒருவர் ஜெனரல் விக்டர் ஸ்தன்குலெஸ்கு. திமிஷோராவில் அடக்குமுறையில் பங்கேற்றவர். 22ஆம் தேதி அதிகாலையில் புக்காரெஸ்டுக்குத் திரும்பியதும் இராணுவ மருத்துவமனைக்குப் போய், நன்றாக இருந்த காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார். கால் முறிந்தவனிடம் யாரும் சுடு என்று கட்டளையிட மாட்டார்கள் அல்லவா! அன்று காலை பாதுகாப்பு அமைச்சர் வசீலே மீலியா துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்ததும், மாவுக்கட்டோடு இருந்தவரையே சௌசெஸ்கு அழைத்துப் படைகளை ஒப்படைத்தார். அவரோ படைகளைப் பாசறைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பிப் போகும்படி தலைவருக்கு யோசனை சொன்னார். மூன்று நாள் கழித்து அந்த விசாரணையை ஏற்பாடு செய்தவரும் அவரே. திமிஷோராவில் மக்களைச் சுட்ட குற்றத்துக்காக 2008இல் அவருக்கு 15 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதைவிட என்னை உறுத்துவது இறந்தவர்களின் கணக்கு. மொத்தம் 1,104 பேர் இறந்ததாகச் சொல்கிறார்கள். அவர்களில் 162 பேர் சௌசெஸ்கு ஓடுவதற்கு முன்பும், 942 பேர் ஓடிய பின்பும் இறந்தவர்கள். சர்வாதிகாரி போன பிறகு யாரை எதிர்த்து இத்தனை உயிர்கள் போயின? "பயங்கரவாதிகள் வருகிறார்கள், தண்ணீரில் விஷம் கலந்துவிட்டார்கள்" என்று தொலைக்காட்சி ஓயாமல் அலறிக்கொண்டிருந்தது. 23ஆம் தேதி காலை ஒட்டோபெனி விமான நிலையத்தைக் காக்க வரவழைக்கப்பட்ட படையினரைப் பகைவர் என்று எண்ணி, ஏற்கெனவே அங்கே இருந்த படையினர் சுட்டதில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தக் குழப்பத்தின் மறைவில் புதிய ஆட்சி தன்னை உறுதிப்படுத்திக்கொண்டது. எழுச்சியைத் தொடங்கியவர்கள் மக்கள் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் 22ஆம் தேதி மதியத்துக்குப் பிறகு அது அவர்கள் கையில் இல்லை.

உப்புக்காற்று

மாஸ்கோ பற்றி ஒரு சொல். டிசம்பர் 24 அன்று, ருமேனியாவில் சோவியத் படை தலையிட்டால் அமெரிக்கா ஆட்சேபிக்காது என்று அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கர் தொலைக்காட்சியிலேயே சொன்னார். பனிப்போர்க் காலம் முழுவதும் கேட்டிராத அழைப்பு அது. சோவியத் தரப்பு மறுத்துவிட்டது. சௌசெஸ்கு போனதில் சோவியத் தலைவர் கொர்பசேவுக்கு வருத்தம் இருந்திருக்காது என்பது வேறு விஷயம். ஒருவரை விரும்பாததற்கும் அவரை வீழ்த்துவதற்கும் இடையே இருக்கும் தூரத்தை உங்கள் நண்பர் ஒரே எட்டில் தாண்டுகிறார்.

பிலிப்பைன்ஸ் நாட்டையும் இதோடு வைத்துப் பார்க்கலாம், அங்கே வரிசை தலைகீழ். 1986 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சர் யுவான் போன்ஸே என்ரிலேவைச் சார்ந்த இளம் அதிகாரிகள் அதிபர் மார்கோஸைக் கவிழ்க்கச் சதி செய்தார்கள், அது முன்கூட்டியே அம்பலமாயிற்று. 22ஆம் தேதி என்ரிலேயும் ஜெனரல் ஃபிடல் ராமோஸும் சில நூறு வீரர்களோடு மணிலா முகாம்களில் அடைந்துகொண்டார்கள். அன்றிரவே மார்கோஸ் நினைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். கர்தினால் ஹைமே சின் வெரித்தாஸ் வானொலியில் மக்களை அழைத்தார். எட்சா சாலையில் லட்சக்கணக்கானோர் திரண்டு, ஜெபமாலையோடு டாங்கிகளின் முன் மண்டியிட்டார்கள். தோற்றுப்போன ஒரு சதியை மக்கள் காப்பாற்றினார்கள் என்பதே அங்கே நடந்தது. ஆனால் அந்த மக்களும் திடீரென்று வந்தவர்கள் அல்லர். இரண்டு வாரத்துக்கு முன்பே, தேர்தல் ஆணையத்தில் அதிபர் தேர்தல் வாக்குகளைக் கணினியில் பதிந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள், பலகையில் காட்டப்படும் எண்கள் தாங்கள் பதிந்தவை அல்ல என்று எழுந்து வெளியேறியிருந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். என்ரிலேயைவிட அவர்களுக்குத்தான் துணிச்சல் அதிகம் என்பேன். அவருக்குக் கையில் துப்பாக்கியாவது இருந்தது.

அதே என்ரிலே 2022இல், அதிபராகிவிட்ட மார்கோஸ் மகனின் தலைமைச் சட்ட ஆலோசகரானார். வேறென்ன சொல்ல!

கிழக்குச் சன்னல்

அனைவருக்கும் நன்றி. நான் "மக்கள்" என்று பொதுவாகச் சொன்னதும் தவறு என்று இப்போது படுகிறது. டிராமில் இருந்து இறங்கியவர், ஆலையிலிருந்து நடந்தவர், தடியைக் கீழே போட்டவர் என்று தனித்தனியாகச் சொல்லியிருந்தால் அவர் அவ்வளவு எளிதாக என்னை மடக்கியிருக்க மாட்டார். ஒரே ஒரு சந்தேகம்: தங்கள் கையிலிருந்து நழுவிவிட்டது என்பது திமிஷோராக்காரர்களுக்கு எப்போது தெரிந்தது?

பழைய அஞ்சல்தலை

மிக விரைவிலேயே தெரிந்துவிட்டது. தேர்தலில் நிற்கும் நோக்கம் இல்லை என்று முதலில் சொன்ன, இலியெஸ்குவின் தலைமையில் ஆட்சிக்கு வந்திருந்த தேசிய மீட்பு முன்னணி, 1990 ஜனவரியிலேயே சொல் மாறி, போட்டியிடப்போவதாக அறிவித்தது. மார்ச் 11 அன்று திமிஷோராவில் கூடியவர்கள் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். அதன் எட்டாம் அம்சம், முன்னாள் கம்யூனிஸ்ட் நிர்வாகிகளும் செக்யூரிடாடே என்ற ரகசியப் போலீஸின் அதிகாரிகளும் அடுத்த மூன்று தேர்தல்களில் போட்டியிடக் கூடாது என்று கோரியது. யாரைக் குறிவைத்த கோரிக்கை என்று விளக்க வேண்டியதில்லை. அது சட்டமாகவில்லை. மே 20 அன்று நடந்த தேர்தலில் இலியெஸ்கு 85 விழுக்காடு வாக்குகளோடு வென்றார். மாலைநேர வாசகர் இதைச் சொல்லாமல் விட்டதால் நான் சொல்கிறேன்: அந்த வாக்குகளைப் போட்டவர்களும் மக்கள்தான்.

ஜூன் மாதம் பல்கலைக்கழகச் சதுக்கத்தில் அவரை எதிர்த்துக் கூடியிருந்தவர்களை அடித்து விரட்ட ஜியூ பள்ளத்தாக்கிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். மாணவர்கள் மண்டை உடைபட்டார்கள், இலியெஸ்கு தொழிலாளர்களுக்கு நன்றி சொல்லி வழியனுப்பினார். அந்த ஜியூ பள்ளத்தாக்கில்தான் 1977 ஆகஸ்டில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, சௌசெஸ்குவையே நேரில் லூபெனிக்கு வரவழைத்துக் கூச்சலிட்டுத் திணறடித்தார்கள்.

டிசம்பர் 22க்குப் பிந்தைய சாவுகளுக்காக இலியெஸ்கு மீது மானுட விரோதக் குற்றச்சாட்டுப் பதிவாக 2018ஆம் ஆண்டு வரை ஆயிற்று. தீர்ப்பு வருமுன்பே, 2025 ஆகஸ்டில், 95ஆவது வயதில் அவர் காலமானார்.